முதல் வரியில் பூஜ்யம்

என் செல்ல மாப்பிள்ளை முத்துவுக்கு,

உனக்கு எழுத உட்கார்ந்தது இது நாலாவது தடவை. ஒரு தடவை வாசலில் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது, எழுந்து போனேன். ஒரு தடவை பேனா எழுதவில்லை. மூன்றாவது தடவை எழுந்ததற்குக் காரணமே கிடையாது. கோயில் மலருக்கு உன் நினைவாக நாலு வரி கேட்டார்கள். நாலு வரியில் அடங்குகிற காரியமா நான் செய்து வைத்திருப்பது? உன்னைப் பற்றி அடுத்தவரிடம் இல்லாததைச் சொன்னவன் நான். அதனால் நாலு பேர் படிக்கிற இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ முதலில் என் சிநேகிதன், அப்புறம்தான் என் தங்கை வள்ளியின் புருஷன். கல்யாணமான வாரம் உன்னை மரியாதையாக "வாங்க மாப்பிள்ளை, சாப்பிடுங்க" என்றேன். நீ சிரித்ததில் சோறு புரையேறி, வள்ளி தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது. அத்தோடு அந்த மரியாதை ஒழிந்தது.

தாமுவே பேட்டையில் நம் பட்டறை அப்படியேதான் இருக்கிறது. முன்மேஜையில் நான், ரிப்பேருக்கு வரும் மீட்டர்களோடும் வருகிறவர்களோடும் வாயடித்துக்கொண்டு. பின்மேஜை உன்னுடையது. அங்கே இன்னும் யாரும் உட்காருவதில்லை. பக்கத்துக் கடை ஜெனரேட்டருக்குப் புதுசாக ஒரு குழாய் மாட்டியிருக்கிறார்கள், முன்னைவிட மோசமாக உறுமுகிறது. நீ இருந்தால் ஒன்றும் சொல்லாமல் காதில் பஞ்சு வைத்திருப்பாய். நான் தினமும் போய்ச் சண்டை போடுகிறேன்.

நம் வாடிக்கைக்காரர் ஊ மின்னின் வேலை உனக்கு ஞாபகம் இருக்கும். அக்கரை டாலாவுக்குக் கடக்கிற ஆற்றில் படகிலிருந்து ரேடார் அடித்து நீரோட்டத்தின் வேகம் அளக்கிறவர். அவருடைய தொல்லை ஒன்றே ஒன்றுதான். ரேடாரின் உயிர் ஒரு கிறிஸ்டல், பொத்தான் அளவு குவார்ட்ஸ் வில்லை, நொடிக்கு ஒரு கோடி தடவை அதிர்வது. அதைத் தலைகீழாகத் திருப்பினால் அதன் சொந்த எடையே அதை வேறு மாதிரி அழுத்தும். அதிர்வு ஒரு துளி கூடும், அல்லது குறையும். நூறு கோடியில் ஒன்று, இரண்டு. வீட்டுக் கடிகாரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. படகு என்ஜின் குலுக்கக் குலுக்க ஒவ்வொரு குலுக்கலிலும் அந்தத் துளி ஏறி இறங்கும், மெதுவாகப் போகிற தண்ணீரின் எதிரொலி அந்த இரைச்சலுக்குள் காணாமல் போய்விடும்.

அதற்கு நீ சொன்ன வைத்தியம் இரண்டு கிறிஸ்டலைச் சேர்த்துக் கட்டுவது. ஒன்று ஏறும்போது மற்றது அதே அளவு இறங்குகிற மாதிரி ஜோடி பார்க்க வேண்டும். ஜோடி பார்க்க ஒவ்வொன்றின் குணமும் தெரிய வேண்டும். கிறிஸ்டல் இருக்கும் பெட்டியை ஆறு பக்கமும் மாற்றி மாற்றிப் படுக்கவைத்து, ஆறுக்கும் அளவு எடுத்து, ஒவ்வொரு கிறிஸ்டலோடும் ஒரு சீட்டு வைத்தாய். கரண்ட் நாலு மணி நேரம் வந்தால் ஒரே ஒரு கிறிஸ்டல் முடிப்பாய். நான் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன், முட்டை அடைகாக்கிறாயா என்று.

போன மழைக்காலத்தில் நீ போனாய். வேலை என் கைக்கு வந்தது. உன் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாச் சீட்டிலும் முதல் வரியில் பூஜ்யம். ஒன்றில் இரண்டில் இல்லை, அத்தனையிலும். சந்தேகம் வந்து நாலு கிறிஸ்டலை நானே அளந்தேன். என் முறை தெரியுமே, பெட்டியை வை, ஐந்து நிமிஷம், எழுது, அடுத்த பக்கம். ஒரே கரண்டில் நாலும் முடிந்தது. என் கணக்கும் உன் கணக்கும் எதிலும் ஒட்டவில்லை.

அப்போதே ஊ மின்னுக்கு போன் போட்டேன். கொஞ்சம் பொறுத்திருக்கக்கூடாதா? என் மாப்பிள்ளை எழுதி வைத்ததை நம்பாதீர்கள், முதல் பக்கத்தை அவர் அளக்கவே இல்லை, பூஜ்யம் போட்டு மற்றதையும் குத்துமதிப்பாக நிரப்பியிருக்கிறார் என்றேன். பர்மிய மொழியில்தான் சொன்னேன், ஆனால் வள்ளி பக்கத்தில் உட்கார்ந்து பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்னைவிட நன்றாக வரும் மொழி அது. கையிலிருந்த லேபிளை ஒட்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். பதினோரு நாள் என்னோடு பேசவில்லை.

என் கணக்குப்படி கட்டிய ஜோடியைப் படகில் ஏற்றினோம். ஜோடி இல்லாத ஒற்றைக் கிறிஸ்டலைவிட மோசம், மாப்பிள்ளை. ரேடார் திரை முழுக்க முடி முளைத்த மாதிரி இரைச்சல். ஊ மின் நல்ல மனுஷர், "யபாதே" என்றார், பரவாயில்லையாம். வேறு ஆளைப் பார்க்கப்போகிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. கரையேறியதும் பேருந்துக்குக்கூட நிற்காமல் தாமுவேவரை நடந்தேன். அன்றைக்கும் உன்மேல்தான் கோபம். இப்படிப்பட்ட கிறிஸ்டலை வாங்கிப் போட்டுவிட்டுப் போனாயே என்று.

மறுநாள் பெட்டியைத் திரும்ப மேஜையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். வள்ளி வந்து நின்றாள். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

"அண்ணே, அவரு ஒரு பக்கம் பாத்து முடிச்சதும் மறுபடி மொதப் பக்கத்துக்குத் திருப்பச் சொல்வாரு. ஒவ்வொரு தடவையும். நான்தானே திருப்புவேன். திருப்பிட்டு கால் மணி நேரம் தொடக்கூடாதும்பாரு. நீ திருப்பவும் இல்ல, நிக்கவும் இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். நான் உன் சீட்டுகளை மறுபடி எடுத்துப் பிரித்தேன்.

கிறிஸ்டலைச் சுற்றிப் பெட்டிக்குள்ளே சூடு இருக்கிறது, பெட்டியைப் புரட்டினால் அந்தச் சூடும் இடம் மாறும், அடங்கக் கால் மணி ஆகும். கரண்ட் வந்த புதிதில் அதிர்வு தானாகவே மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அதை எல்லாம் கிறிஸ்டலின் குணம் என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். நீ ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் முதல் பக்கத்துக்கு வந்து கேட்டுக்கொண்டாய், இடையில் எவ்வளவு நகர்ந்தது என்று. முதல் பக்கத்திலிருந்து மற்றது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைத்தான் எழுதினாய். அப்படியானால் முதல் வரி பூஜ்யமாக இல்லாமல் வேறு என்னவாக இருக்கும்? அதை ஒரு சீட்டிலாவது எழுதி வைத்திருக்கக்கூடாதா, படுபாவி? எழுதியிருந்தால் நான் படித்திருப்பேனா என்று கேட்காதே.

வள்ளி திருப்பினாள், நான் அளந்தேன். முதல் பக்கம் ஆறு தடவை, நடுநடுவே மற்ற ஐந்து பக்கம், ஆக உன் பதினோரு அளவும் ஒரு கரண்டுக்குச் சரியாக இருந்தது. கால் மணி நேரம் சும்மா இருப்பது என்ன தண்டனை தெரியுமா? அவள் என் முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், மேஜை ஆடுகிறதாம். நாலு கிறிஸ்டலுக்கு நாலு நாள். நாலும் நீ எழுதியபடியே வந்தன. வெட்கமாக இருந்தது, வள்ளியிடம் ஒப்புக்கொண்டேன். கூடவே சந்தோஷமாகவும் இருந்தது, அதை எப்படிச் சொல்வது?

உன் சீட்டைப் பார்த்து ஜோடி கட்டி, போன வெள்ளிக்கிழமை மறுபடி படகில் போனோம். வள்ளியும் வந்தாள். என்ஜினைப் போட்டதும் இரைச்சல் கொஞ்சம் எழும்பிப் படுத்துவிட்டது. ஓரமாகப் போகிற தண்ணீர்கூடத் திரையில் தனியாகத் தெரிந்தது. ஊ மின் என் கையைப் பிடித்துக்கொண்டு, பாவம் உங்கள் மாப்பிள்ளையின் தப்பையெல்லாம் நீங்கள் சரிசெய்ய வேண்டியிருந்ததே என்றார். வள்ளி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தப்பு என்னுடையது, மாப்பிள்ளை எழுதியதில் ஒரு புள்ளிகூட நான் மாற்றவில்லை, உங்களிடம் போனில் சொன்னது பொய் என்றேன். என்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. படகோட்டிகூடத் திரும்பிப் பார்த்தான்.

வரும் வழியில் வள்ளி கேட்டாள்: "என்கிட்ட சொல்லிட்ட, ஊ மின்கிட்டயும் சொல்லிட்ட. என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். மன்னித்துவிடு முத்து. உன் நிதானத்தைச் சோம்பல் என்று நினைத்தேன். உன்னோடு இத்தனை வருஷம் ஒரே அறையில் இருந்தும், நீ என்ன செய்கிறாய் என்று ஒரு தடவை முழுசாக உட்கார்ந்து பார்த்ததில்லை.

நேற்று உன் இழுப்பறையைத் துடைத்தபோது கடைசியாக நீ அளந்த கிறிஸ்டல் கிடைத்தது. சீட்டில் ஐந்து வரிதான் இருக்கிறது. அன்றைக்குக் கரண்ட் முன்னாலேயே போய்விட்டது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நீ எழுந்தாய் என்கிறாள் வள்ளி. அந்த நாளைக்கு நீ இல்லை.

ஆறாவது வரியை என்னால் அரை நிமிஷத்தில் போட்டுவிட முடியும். ஒன்றும் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம், ஐந்தும் ஆறும் அப்படியே; எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் ஒரே தொகைதான் வரும், முதல் இரண்டைக் கூட்டி ஐந்தாவதைக் கழித்தால் விடை. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். மூடி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் காலையில் கரண்ட். வள்ளி திருப்புவாள். நான் உன் மேஜையில், உன் ஸ்டூலில் உட்கார்ந்து, முதல் பக்கத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு கால் மணி நேரமும் கையைக் காலை ஆட்டாமல் காத்திருந்து, அந்த ஒரு வரியை அளந்து உன் எழுத்துக்குக் கீழே எழுதுவேன். இது சத்தியம்.

உன் பொறுமையில்லாத மச்சான்,
வள்ளியின் அண்ணன், ராமு