ஆறின வால்வு

இன்று காலை வலியசாலைக்காரரின் கார் பானட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. டாங்க் நிறைத்ததும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதாம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் இதே குறையோடு வந்தது உனக்கு நினைவிருக்கிறதா, மக்கா?

பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடும் அந்தச் சின்ன வால்வை அன்று நான்தான் கழற்றி வாயால் ஊதினேன். கரண்டு கொடுக்காதபோது காற்று போகக் கூடாது, போகவில்லை. வால்வு நல்லது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

"மக்கா, ஆறின வால்வை ஊதி என்ன பிரயோஜனம்? வண்டியை ஓட்டிட்டு வந்து சூட்டோட பாரு" என்றாய்.

பட்டறையில் நாம் ஆளுக்குப் பாதி. வண்டிக்காரரும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போயிருந்தார், நீ சொன்னதைக் கேட்க வேறு ஆளில்லை. ஆனாலும் எனக்கு ரோஷம். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பெட்ரோல் பம்பை மாற்றி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் வண்டி பெட்ரோல் பங்கிலேயே நின்றுவிட்டது. அவர் வந்து குதியாய்க் குதித்தார். நீ கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாய்.

"சாரே, வால்வைப் பாத்தது நான்தான். தப்பு என் பேர்ல."

அவர் உன்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் ஸ்பானரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். மத்தியானம் நீ வழக்கம்போல் உன் டிபன் பாத்திரத்து மீனில் பாதியை என் பக்கம் தள்ளினாய். அவர் உன்னைத் திட்டியதைவிட அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை.

இன்று அவர், "அந்த மற்ற ஆளு இதுல கை வைக்கண்டாம், கேட்டேளா? நீங்க மட்டும் பாத்தா மதி" என்றார்.

வண்டியை ஈஞ்சக்கல் வரை ஓட்டி வந்து, சூடு ஆறுமுன் கழற்றி ஊதினேன். அன்று திட்டு வாங்கிக்கொண்டு நீ மாற்றிய வால்வும் இப்போது தேய்ந்துவிட்டது. காற்று தாராளமாகப் போயிற்று. வால்வைக் கையில் வைத்துக்கொண்டே அவரிடம் சொன்னேன்.

"சார், அன்னைக்குத் தப்புப் பண்ணினது நான். அவன் சரியாத்தான் சொன்னான், நான் கேக்கல்ல."

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "அய்யோ, அவரை வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே. நம்பர் உண்டோ? ஒரு மன்னிப்புக் கேக்கணும்."

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது என்றேன். மனிதர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் தெரிந்த நிமிஷமே அவருக்கு உன் நம்பர் வேண்டியிருந்தது. நான் ஐந்து வருஷம் உன் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தேன், கேட்கவில்லை. கேட்காத அந்த ஒரு வார்த்தையோடுதான் தினமும் பட்டறையைத் திறக்கிறேன், மக்கா.