ஒன்பது வருட மாத்திரை

அன்புத் தங்கச்சிக்கு,

ஞாயிறன்று உன் வீட்டில் மத்தி சுட்டோம். அடுப்பிலிருந்து விழுந்த தணல் துண்டை நீ வெறுங்காலால் மிதித்தாய். தோல் கருகும் வாசனை எனக்கு வந்தது. உனக்கு வலிக்கவில்லை. "என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி பாக்குற? மீன்காரி காலு, நெருப்பே பயப்படும்!" என்று சிரித்தாய். நான் கொல்லைப்புறம் போய் வாந்தியெடுத்தேன். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னது பொய்.

அம்மாவின் காலை மரக்கவைத்தது, நீ நினைப்பதுபோல், சர்க்கரை நோய் இல்லை. நம் போவுவா ஊர்க் கடற்கரையில் பாதி வீடுகள் வாய்விட்டுச் சொல்லாத பாதநோய். ஈரலில் ஊறும் ஒரு புரதம் குலைந்துபோய் நரம்புகளில் படிகிறது. முதலில் கால்தான் மரத்துப்போகும்.

பெற்றவரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் நோய் அது; எனக்கும் இருக்கிறது. அந்தப் புரதம் குலையாமல் பிடித்துவைக்கும் மாத்திரையை ஒன்பது வருடமாக விழுங்குகிறேன். என் கால்கள் நன்றாக இருக்கின்றன.

"தங்கச்சிய உடனே கூட்டிட்டு வாங்க. சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் மருந்து நல்லா கேக்கும்" என்று ஒன்பது வருடத்துக்கு முன்பே சொன்னார் டாக்டர். தலையாட்டினேன். அப்போது எனக்கும் செலஸ்த்துக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடுமென்று பயந்தேன். கல்யாணம் முடிந்த பிறகு, தாமதித்ததைச் சொல்லவே பயந்தேன்.

இன்று காலை செலஸ்த்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "உன் தங்கச்சிக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். போர்ட்டோ ஆஸ்பத்திரிக்கு அவளே போன் செய்து, வியாழன் பத்து மணிக்கு உனக்கு நேரம் வாங்கினாள். அவள் உன்கூட வருவாள். போய்விடு. நான் வரக்கூடாது என்றால் வரமாட்டேன்.

உன் அண்ணன்