வண்டி நின்ற இடத்தில் மந்தாரை

அன்புள்ள என்று எழுதி அடித்துவிட்டேன். வேறு தாள் எடுக்கச் சோம்பலாக இருந்ததால் அப்படியே தொடர்கிறேன்.

நானும் அத்தையும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. அந்த ஆவல் எனக்கு இல்லை, அதனால் விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. பழசையெல்லாம் மறந்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே, முற்றத்தைக் காலி பண்ணி வை, மாதக் கடைசியில் சாமான்களையும் இரண்டு வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு வருகிறேன், பழையபடி வீட்டிலேயே ரிப்பேர் பட்டறை போடலாம் என்கிறீர்கள். மூன்று வருடம் கழித்து வந்த கடிதத்தில் என்னைவிட முற்றத்தைத்தான் அதிகம் விசாரித்திருக்கிறீர்கள். நானும் முற்றத்தைப் பற்றியே பதில் எழுதுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ரத்தமும் சீழும் வாந்தியும் பட்ட துணிகளைப் பிரித்துப் போடுகிறவள். அதையெல்லாம் தொட்டுவிட்டு வந்து, கையைக் கழுவி, நிம்மதியாகச் சாப்பிடுவேன். எனக்குக் குமட்டியது ஒரே இடத்தில்தான், நம் வீட்டு முற்றத்தில். நீங்கள் போனீர்கள், உங்கள் ஆயில் போகவில்லை. மழை பெய்தால் தேங்கின தண்ணீர்மேல் பல நிறத்தில் ஆடை கட்டிக்கொண்டு நிற்கும். வெயில் ஏறினால் மண்ணே வியர்த்து நாறும். கொடியில் காய்ந்த புடவையை மடிக்கும்போது அந்த கிரீஸ் வாடை அடித்து, நீங்கள்தான் பின்னால் வந்து நிற்கிறீர்களோ என்று முதல் வருடம் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்ததை இப்போது நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.

உங்கள் கூட்டாளி லாரி டிரைவர் ஒருநாள் வந்து, நீங்கள் போன ஊரில் உங்களுக்கு வேறொரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் ஒரு பெண்ணும் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்து முடித்தார். அவர் போன பிறகுதான் மரம் வைக்கலாம் என்று தோன்றியது. கோபம் வந்தால் சிலர் தட்டு முட்டுச் சாமானை உடைப்பார்கள். எனக்கு அந்த நாற்றம் ஒழிந்தால் போதும் என்றிருந்தது.

அத்தைக்கு இதில் துளியும் சம்மதமில்லை. இலை கொட்டும், புழு வரும், என் பிள்ளை வந்தா வண்டியை எங்க நிறுத்துவான் என்றார். நான் பிடித்த பிடியில் நின்ற பிறகு, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குற்றம் கண்டுபிடித்தார். செண்பகம் கூரைக்கு மேலே போய்விடும். பவளமல்லி விடிந்தால் தரையெல்லாம் கொட்டிக் காலில் ஒட்டும். அரளி மட்டும் வேணவே வேணாம், அவன் வந்து சாப்பிட உக்காரும்போது உனக்கு என்ன தோணுமோ யாரு கண்டா என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். கடைசியில் நர்சரிக்காரர் வெள்ளை மந்தாரையைக் காட்டினார். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும், அதோடு நின்றுவிடும், வேர் சுவர் பக்கம் போய் வம்பு பண்ணாது என்றார். சத்தம் போடாத, வம்புக்குப் போகாத ஒன்று வீட்டில் இருக்கட்டுமே என்று வாங்கிவந்தேன்.

அதை மூலையில் நட்டேன். வெயிலும் இல்லாத, தண்ணீரும் போகாத மூலை. ஏன் அங்கே நட்டேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும். உங்கள் வண்டி நிற்க இடம் விட்டேன். லாரி டிரைவர் சொன்னதைக் கேட்ட பிறகும் இடம் விட்டேன். உங்கள்மேல் வந்த அருவருப்பைவிட என்மேல் எனக்கு வந்த அருவருப்புதான் பெரிது.

செடி ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டுவிட்டது. நர்சரிக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். ஒரு பிடி மண் எடுத்துட்டு வாங்கம்மா என்றார். கொண்டுபோனேன். மோந்து பார்த்துவிட்டு, என்னம்மா இது, லாரியைப் புதைச்சு வச்சிருக்கீங்களா என்றார். கறுப்பு மண் போகிற வரைக்கும் தோண்டி எடுத்துவிட்டுப் புது மண் போட்டால்தான் எதுவும் பிழைக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

விடுமுறை நாளில் மண்வெட்டியோடு இறங்கினேன். நான் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் அத்தையும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நீங்கள் பதினோரு வருடம் சம்பாதித்து வைத்த சொத்தெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. துருப்பிடித்த போல்ட்டுகள், ஸ்பார்க் பிளக்குகள், கிழிந்த டியூப், ஆயில் துடைத்து எறிந்த என் ஜாக்கெட் துணி. எடுத்த மண்ணைச் சாக்கில் கட்டி வைத்தால் குப்பை வண்டிக்காரர்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு, இதை ஏத்த முடியாதும்மா என்றார். கறுப்பு மண் மூலையோடு நிற்கவில்லை. அதன் பின்னாலேயே தோண்டிக்கொண்டு போனோம். அது முற்றத்தின் நட்டநடுவில், நீங்கள் வண்டியை நிறுத்தும் இடத்தில் கொண்டுபோய் விட்டது. அங்கே மண்வெட்டி ணங்கென்று எதிலோ பட்டது.

அத்தையின் அடிகனமான பால் பாத்திரம், மேலே தகரம் போட்டு மூடிப் புதைத்திருந்தீர்கள். ஞாபகம் இருக்கிறதா? அது காணாமல் போனபோது, நான் என் அம்மா வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன் என்று ஒரு மழைக்காலம் முழுக்க அத்தை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்கள் கதவில் சாய்ந்து நின்று, உன் மருமகளையே கேளும்மா என்று சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டீர்கள். அந்தப் பாத்திரத்தில் பாதி வரை கறுப்பு ஆயில் களி மாதிரி உறைந்திருந்தது. அதில் கரப்பான் பூச்சிகளும் உங்கள் சிகரெட் துண்டுகளும் ஊறிக்கிடந்தன. சலவைக்கூடத்தில் ஒருநாளும் வாந்தி எடுக்காத நான் சுவரோரம் போய் வாந்தி எடுத்தேன்.

அத்தை வாந்தி எடுக்கவில்லை, கத்தவும் இல்லை. விளிம்பிலிருந்த நெளிசலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கேட்டிருந்தா ஒரு பழைய டப்பா எடுத்துக் கொடுத்திருப்பேனே என்றார். என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, உங்களைப் போலவே அவருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் அன்று மதியம் எனக்கு முதலில் சாப்பாடு போட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த செடியை நான் மறுபடியும் மூலைக்குத்தான் கொண்டுபோனேன், புத்தி எங்கே போகும். அத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய், பாத்திரம் கிடந்த அந்த நடுக்குழியிலேயே இறக்கினார். இங்க வச்சா வண்டி உள்ள வராதே அத்தை என்றேன். வராதுல்ல, அதுக்குத்தான் என்றார். புது மண்ணைத் தள்ளி, தன் காலாலேயே மிதித்து இறுக்கினார்.

இது நடந்து இரண்டு மழை ஆகிவிட்டது. மந்தாரை இப்போது என் தோளுக்கு வந்திருக்கிறது. உங்கள் கடிதம் வந்த அன்றுதான் முதல் பூ விட்டிருந்தது. வாசனை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்கு அதுவே போதும்.

ஆகவே முற்றம் காலியாக இல்லை. சாமான்களை ஏற்ற வேண்டாம். அந்தப் பால் பாத்திரத்தைக் கழுவாமல் சாக்கில் சுற்றி வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அது உங்களுடையது. அங்கே இருக்கிற அந்தப் பெண்ணைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. அவள் வீட்டிலும் முற்றம் இருந்தால், அதில் கொஞ்சம் மண்ணையாவது அவளுக்கு விட்டுவையுங்கள்.

கடைசி வரியில் அம்மாவின் ஆசீர்வாதம் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தை அத்தைக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார். என்ன எழுதட்டும் என்றேன். குவளையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்:

நல்லா இருக்கட்டும்னு எழுது. அங்கயே நல்லா இருக்கட்டும்னு எழுது.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் மருமகள்