அம்மா அடித்த எழுத்து

ஜூன் 3

அன்புள்ளவருக்கு,

அங்கே இருவரும் நலம்தானே? அச்சகத்தில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பிழை பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது. நடுவில் நம் வாலு எனக்கு எழுதிய தாளும் வந்தது. நாலு வயது முடிந்தும் ஒரு ‘அ’ உருப்படியாக இல்லை. ‘ம’ முதுகைக் காட்டி நிற்கிறது. சிவப்பு மையால் அடித்துத் திருத்தி, அதே தாளை இதோடு அனுப்பியிருக்கிறேன். தினமும் உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள் என்றால் காதிலேயே வாங்குவதில்லை. பக்கத்து மேசைக்காரரின் மகன் செய்தித்தாளே படிக்கிறானாம்.

இந்த மாதமும் வர முடியாது போலிருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரி

ஜூன் 9

என் வீட்டுக்காரிக்கு,

பக்கத்து மேசைக்காரரின் மகன் நன்றாக இருக்கட்டும். இங்கே கதையைக் கேள். போன வாரம், நான் வெட்டி வைத்திருந்த பேன்ட் துணி முழுக்க உன் மகள் சாக்கட்டியால் கோடும் சுழியுமாக நிரப்பிவிட்டாள். தைக்கக் கொடுத்த துணிக்காரர் எதிரில் நிற்கிறார். என்னடி இது என்றேன். “அவருக்கு லெட்டர். பேன்ட்டு நாளைக்குத்தான்னு எழுதியிருக்கேன்” என்றாள். நான் தினமும் வாயால் சொல்லும் பொய்யை அவள் எழுத்தில் போட்டுவிட்டாள்! துணிக்காரரே சிரித்துவிட்டார்.

அப்படிப்பட்டவள், உன் தாள் வந்ததிலிருந்து சாக்கட்டியைத் தொடவில்லை. சிவப்பு மையை வெகுநேரம் பார்த்தாள். “அம்மா என் எழுத்த அடிச்சிருச்சு. நான் என்னப்பா பண்ணேன்?” என்றாள்.

பதிலை நீயே சொல்.

உன் தையல்காரன்

ஜூன் 15

அன்புள்ளவருக்கு,

தப்பென்று சொல்வதும் தப்பா? திருத்தினால் நான் எதிரி, துணியில் கிறுக்கவிட்டால் நீங்கள் செல்ல அப்பா. நன்றாக இருக்கிறது நியாயம். சரி, மறுபடி எழுதச் சொல்லுங்கள். எப்படி இருந்தாலும் கைவைக்க மாட்டேன்.

வீட்டுக்காரி

ஜூன் 21

கெஞ்சியும் மிரட்டியும் பார்த்துவிட்டேன், மசியவில்லை. நீ சொல்லு, அப்பா எழுதுறேன் என்றேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்:

“அம்மா, நீ எழுதாத. வந்து பேசு.”

படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். பிறகு பேனாவைப் பிடுங்கி, கீழே அவளே ஒரு வரி இழுத்தாள். என்னவென்று கேட்டால், அது அம்மாவுக்கு என்கிறாள்.

ஜூன் 24

என் வாலுக்கு,

அப்பா இதை உனக்குப் படித்துக் காட்டுவார். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மூன்று நாள்தான் லீவு கொடுத்தார்கள், சண்டை போட்டுத்தான் வாங்கினேன்.

கீழே நீ எழுதிய வரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியவில்லை. நீதான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும்.

அம்மா