முட்டைக்குள் நூல் தேடியவளுக்கு

இன்று காலை ஆய்வகத்தில் மேசை இழுப்பறையைத் திறந்ததும் லவங்க வாசனை அடித்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் உன் உறிஞ்சு குழாய். ரப்பர் டியூப் காய்ந்து வெடித்துவிட்டது. வாயில் கவ்வும் முனையில் உன் பல் தடம் மட்டும் அழியவில்லை. ஆய்வகத்துக்குள் எதையும் மெல்லக் கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கும். நீ லவங்கத்தை மென்றுகொண்டேதான் உள்ளே வருவாய். கேட்டால், "பல்லு வலிக்கிது டீ, இது மருந்து" என்பாய். எனக்குத் தெரிந்து உனக்கு ஒரு நாளும் பல் வலித்ததில்லை.

அந்தக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத எலிக் கருமுட்டைகளை ஒரு துளியிலிருந்து இன்னொரு துளிக்கு உன் மூச்சாலேயே மாற்றுவாய். கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் முட்டை தொலைந்தது. நாள் முழுக்க வாய் ஓயாத நீ, அந்த நேரத்தில் மட்டும்தான் பேசாமல் இருப்பாய். நீ வைத்துத் தரும் முட்டைகளை நான் நுண்ணோக்கியில் படம் எடுப்பேன். பொத்தேரியில் ஒரே விடுதி அறை, ஒரே வேலை, மாலையில் ஒரே தட்டில் பரோட்டா.

முட்டை பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பங்கிடுவதற்கு அதற்குள் நூல் நூலாக ஒரு கட்டுமானம் எழும். கதிர்க்கோல் என்று பள்ளியில் படித்தோம். மற்ற செல்களில் இரண்டு முனையிலும் நின்று அதைக் கட்டித்தர சென்ட்ரியோல்கள் உண்டு. முட்டையில் அவை கிடையாது. சில புரதங்கள் தாமாகவே கூடி, நூல்களைச் சேர்த்துப் பிடித்து, முனைகளைக் குவித்து நிறுத்த வேண்டும். "மேஸ்திரி வராத வூடு டீ இது. சித்தாளுங்களே கூடிக் கட்டுறாங்க" என்றாய் முதல் நாளே. உன் அம்மா நாற்று நடுவதை விட்டுச் சித்தாள் வேலைக்குப் போனவர். அவர் கட்டிய சுவர்களைச் செங்கல்பட்டு ரயிலிலிருந்து எனக்குக் கைநீட்டிக் காட்டியிருக்கிறாய்.

நூல்களைச் சேர்த்துப் பிடிக்கும் புரதங்களில் ஒன்று மனித முட்டையில் மிகவும் குறைவு. எலி முட்டையிலிருந்து அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் நாம் பார்த்த வேலை. இரண்டு முனையாக நிற்க வேண்டியது மூன்றாகும், நாலாகும், தள்ளாடும். ஏதோ ஒரு குரோமோசோம் பக்கம் மாறிப் போய்விடும். அந்தக் காட்சியை எத்தனை தடவை திரையில் ஓட்டியிருப்பேன்! அது என் கதை என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

கல்யாணமாகிக் கேளம்பாக்கம் வந்த பிறகு எனக்கு முதல் கரு கலைந்தது. இரண்டாவதும் கலைந்தபோது, அதில் ஒரு குரோமோசோம் கூடுதலாக இருந்தது என்று மருத்துவர் சொன்னார். அது என் காதில் ஏறவில்லை. "பஸ்ஸுல குலுங்கிக் குலுங்கிப் போனா எப்படி நிக்கும்? அந்த மருந்து நெடி வேற" என்று மாமியார் சொன்னதுதான் ஏறியது. அவர் திட்டிச் சொல்லவில்லை, அழுதுகொண்டேதான் சொன்னார். நானும் நம்பினேன். ஆய்வகத்துக்குப் போவதை நிறுத்தினேன். நீ கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்த கையோடு, ஷேர் ஆட்டோ பிடித்து நெத்திலிக் குழம்புத் தூக்கோடு வந்து நின்றாய்.

"இன்னா டீ, உயிரோட கீறியா?"

நான் பதில் சொல்வதற்குள் கூடத்தில் மாமியார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாய். போனை எடுத்து, பச்சையாய் ஒளிரும் அந்த நூல்களைக் காட்டினாய்.

"இத்த பாருங்கமா. இது முட்டைக்குள்ள. நூலு ரெண்டு பக்கமும் நேரா நிக்கணும். இங்க பாருங்க, தள்ளாடிகினு கீது. ஒண்ணு பக்கம் மாறிப் போச்சு. அப்படிப் போனா கரு தங்காது. இவளுக்கு ஆனது பெரும்பாலும் இதான். கரு தரிக்கறதுக்கு முன்னாடியே நடந்துபோச்சு. பஸ்ஸு இன்னா பண்ணும்?"

"அப்ப யாரு காரணம்?" என்றார் மாமியார்.

"யாருமே இல்லமா. எல்லாப் பொம்பளைக்கும் முட்டை இப்படித்தான் கீது. சில வாட்டி நிக்கும், சில வாட்டி நிக்காது."

மாமியார் அந்தக் காட்சியை மறுபடி ஓட்டச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இவனுக்கு முந்தி எனக்கும் ரெண்டு போச்சு. கெணத்துல தண்ணி எறச்சதுனாலன்னு சொன்னாவ. நாந்தான் கொன்னுட்டேன்னு இத்தன வருசமா நெனச்சிக்கிட்டிருக்கேன் தாயி."

என் கணவருக்கே தெரியாத செய்தி அது.

"கடலுக்குப் போவோமாம்மா?" என்று நீதான் கேட்டாய். மூன்று பேரும் மாமல்லபுரம் போனோம். கடற்கரைக் கோயில் கூட்டத்தைத் தாண்டி, படகுகள் ஏற்றியிருந்த பக்கம் மாமியார் முழங்கால் தண்ணீரில் நின்று வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். நீ அவர் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "அழுவுங்க, நல்லா அழுவுங்க. ஆனா பின்னால வந்து அழுவுங்கமா, அலை இஸ்துகினு போயிடும்" என்றாய். அழுகையின் நடுவே அவர் சிரித்துவிட்டார். மறுநாள் காலை எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ" என்றார்.

அதற்கு அடுத்த வருஷம் உனக்கு மார்பில் கட்டி. நாம் தட்டில் முட்டைகளுக்கு ஊற்றி நூல்களை அசையாமல் நிறுத்திப் பார்ப்போமே, அந்த மருந்தையேதான் உன் கையில் ஏற்றினார்கள். "நம்ம நூல் மேலயே கை வெக்கிறாங்க பாரு. நூலு நட்டுகினு நின்னுடும், கட்டி செல்லு பிரிய முடியாம சாவும். இப்ப நான்தான் டீ உன் தட்டு. நல்லா படம் எடு" என்று மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தாய். கொஞ்ச காலம் மருந்து கேட்டது. பிறகு கேட்கவில்லை.

உன்னை அடக்கம் செய்த அன்று என் மாமியார் உங்கள் ஊர்த் தேவாலயத்துக்கு வந்தார். அதுவரை அவர் தேவாலயம் எதற்குள்ளும் போனதில்லை. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிவரை அவர் கையை விடவில்லை.

இப்போது எங்கள் அடுக்ககத்தில் எந்தப் பெண்ணுக்கு இப்படி நேர்ந்தாலும் மாமியார்தான் முதலில் போய் நிற்கிறார். போன மாதம் மூன்றாவது மாடியில் அவர் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "நீ படியேறுனதுனால இல்ல தாயி. முட்டைக்குள்ள நூலு இருக்கு. எங்க வீட்டுக்கு வந்த பிள்ளை காட்டிச்சு." நூல்களைக் காட்ட விரல்களை விரித்து ஆட்டுகிறார். கொஞ்சம் தப்பாகத்தான் ஆட்டுகிறார். நான் திருத்தவில்லை.

எனக்கு இன்னும் குழந்தை இல்லை. இனி உண்டா என்பதும் தெரியாது. முன்பெல்லாம் போன இரண்டையும் நினைத்தால் எந்த நாளில் எந்தப் பேருந்தில் ஏறினேன் என்றுதான் மனம் தேடும். இப்போது அவர்களையே நினைக்க முடிகிறது. மூத்தவள் இருந்திருந்தால் இந்த வருஷம் பள்ளிக்கூடம் போவாள். பெண் என்று நானே வைத்துக்கொண்டேன். நீ என்னைவிட எட்டு மாதம் மூத்தவள். முறைப்படி அவள் உன்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். "இன்னாது, பெரியம்மாவா? கெழவி மாதிரி கீது" என்று நீ சண்டைக்கு வருவாய்.

சரி, சித்தி என்றே கூப்பிடட்டும்.