அந்த இடத்தில் பிளம் சாராயம்

அக்டோபர் 16

காலை பெல்கிரேட் பஸ். மழை. யாகொதினா ஊரைத் தாண்டியதும் அரிப்பு ஆரம்பித்தது. எங்கே என்று எழுதக் கூசுகிறது. என் நாட்குறிப்பு, என் உடம்பு, படிக்கப் போவதும் நானே. இருந்தாலும்… அங்கே. அந்த இடத்தில். ஐம்பத்தைந்து வயது ஓட்டுநர், பின்னால் நாற்பது பயணிகள், ஸ்டியரிங்கைப் பிடித்த இரண்டு கையும் வேறெங்கோ போகத் துடிக்கின்றன.

டீசல் போடும் சாக்கில் கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தேன். நுனியில் சிவந்து, தோலுக்கு அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. நாள் முழுக்க ரெக்சின் சீட்டில் உட்கார்ந்தால் வியர்க்காதா? வியர்வைதான்.

அக்டோபர் 19

துணி சோப்பு, வெந்நீர், தினமும் மூன்று தடவை. சுத்தம் சோறு போடும் என்பார்கள். எனக்கு எரிச்சலைத்தான் போட்டது.

அக்டோபர் 22

ஸ்தாமெனா பிடித்துவிட்டாள். "முப்பது வருஷமா ஒரு சாக்ஸை எடுத்துக் கூடையில போட்டதில்ல. இப்ப உன் ஜட்டிய நீயே துவைச்சுக் காயப்போடுறே. என்ன விஷயம்?"

"சும்மாதான்" என்றேன்.

ஒரு புருஷன் வாயிலிருந்து வரக்கூடிய மிக மோசமான சொல் இதுதான் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாமே? சொன்னால் முதல் கேள்வி "எவகிட்டேருந்து வாங்கிட்டு வந்தே?" என்றுதான் வரும். வாரத்தில் இரண்டு ராத்திரி பெல்கிரேடில் தங்குகிறவனை எந்தப் பெண்டாட்டி நம்புவாள்?

அக்டோபர் 24

முதுகு வலி என்று சொல்லி சோபாவில் படுக்கிறேன். இப்போது நிஜமாகவே முதுகு வலி.

அக்டோபர் 27

தாங்க முடியாமல் கூம் திஹோமிரிடம் சொன்னேன். என் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவன். எங்களிடம் கூம் என்றால் கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேல். அவன் பேச்சைத் தட்டுவது பாவம்.

"டாக்டர்கிட்ட போகலாம்னு பாக்குறேன்" என்றேன்.

"அதைக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுவியா? வெக்கமா இல்ல? நம்ம வீட்டு பிளம் சாராயம் எதுக்குடா இருக்கு, ரெண்டு தடவை வடிச்சது? காய்ச்சல்னா சாக்ஸை நனைச்சு மாட்டுறோம். பல்வலின்னா வாயில அடக்கிக்கிறோம். அது மட்டும் என்ன, வேற நாட்டு உறுப்பா?"

தட்ட முடியுமா?

அக்டோபர் 28

தட்டியிருக்கலாம்.

பஞ்சில் நனைத்து வைத்தேன். வைத்த நொடியில் செத்துப்போன என் மூதாதையர் அத்தனை பேரும் வரிசையாகத் தெரிந்தார்கள். குளியலறையில் நான் ஆடிய ஆட்டத்தை எந்தக் கல்யாணத்திலும் ஆடியதில்லை. ஸ்தாமெனா கதவைத் தட்டினாள்.

"உள்ள யார்கிட்ட பேசிட்டிருக்கே?"

"கடவுள்கிட்ட!"

"கையில போன் இருக்கா?"

நவம்பர் 1

ஸ்தாமெனா கையில் எக்ஸிமா வந்தபோது வாங்கிய களிம்பு அலமாரியில் கிடந்தது. எடுத்துப் பூசினேன். இரண்டு நாள் சொர்க்கம். இன்று முன்பைவிட மோசம், தொடை இடுக்கு வரைக்கும் இறங்கிவிட்டது. போகிற போக்கில் கூம் இன்னொரு யோசனை சொன்னான்: பூண்டு. முதல் தடவையாகக் கூம் பேச்சைத் தட்டினேன்.

நவம்பர் 5

ஸ்லாவாவுக்கு இன்னும் மூன்று நாள். குடும்பத்துப் புனிதரின் நாள், ஊரே வீட்டுக்கு வரும். ஸ்தாமெனா மாவு பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"ஸ்லாவா முடியட்டும். வர்றவங்க முன்னால அசிங்கம் வேண்டாம். மறுநாள் நான் தேசாங்கா அக்கா வீட்டுக்குப் போறேன். அப்புறம் நீ அவளைக் கூட்டிட்டு வந்து வெச்சுக்கோ."

வாயைத் திறந்தேன். மாவுப் பையை நகர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

பயமா இருக்கு. அவ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? அரிக்குதுன்னு ஒரே ஒரு வார்த்தை. பஸ் நிறைய ஆளுங்களைக் கத்தி அடக்குறவனுக்கு இந்த ஒரு வார்த்தை ஏன் வர மாட்டேங்குது?

நவம்பர் 8, புனித திமித்ரி நாள்

எங்கள் வழக்கப்படி ஸ்லாவா அன்று வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. நின்றுதான் பரிமாற வேண்டும். இந்தக் காலத்தில் யார் நிற்கிறார்கள்? மதியத்துக்குள் எல்லா வீட்டுக்காரனும் நாற்காலியில் சாய்ந்துவிடுவான். நான் மட்டும் காலை முதல் நின்றேன். உட்கார்ந்தால் உரசும்.

"பாத்தியா விதோயேயை!" என்று கிழவர்கள் என்னை மெச்சினார்கள். "தாத்தா காலத்து மனுஷன். பக்தின்னா இது!" ஒருவர் என் கையைப் பிடித்துக் கண் கலங்கினார். கோழி சூப்பு, முட்டைக்கோஸில் சுற்றிய கறி, வறுத்த பன்றி என்று வரிசையாகக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே, நடுநடுவே சாமான் அறைக்குள் நழுவிக்கொண்டிருந்தேன்.

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, கதவு படாரென்று திறந்தது. ஸ்தாமெனா. போனும் கையுமாகப் பிடித்துவிடலாம் என்று வந்திருக்கிறாள். பார்த்தது வேறு. தலைக்கு மேல் புகையிட்ட தொடைக்கறி தொங்குகிறது. கீழே நான், கால்சட்டை கணுக்காலில், முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயின் மூடியால் விசிறிக்கொண்டு.

மூடியால் முன்பக்கத்தை மறைத்துக்கொண்டேன்.

"அரிக்குது," என்றேன். வந்துவிட்டது, அந்த வார்த்தை.

"எவ்வளவு நாளா?"

"முதுகு வலிக்கு முன்னாலேருந்து."

பீப்பாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. அப்புறம் அது வெறும் கண்ணீரானது. "பாவி, பாவி" என்று ஏப்ரனால் என்னை அடித்தாள். அந்த அடி எவ்வளவு நன்றாக இருந்தது!

நவம்பர் 11

ஸ்தாமெனாவே கூட்டிப் போனாள். டாக்டர் யஸ்னா, என் மகள் வயது. பார்த்தார், மூச்சை இழுத்துவிட்டு, "என்னென்ன போட்டீங்க?" என்றார். சொன்னேன். சாராயம் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"முதல்ல வந்தது பூஞ்சை. சின்ன விஷயம். மேல தெரியற புண்ணு பாதி, சோப்பும் சாராயமும் பண்ணது. அந்த எக்ஸிமா களிம்புல ஸ்டீராய்டு இருக்கு, அது பூஞ்சைக்கு விருந்து வெச்சிருக்கு. இனிமே வெறும் தண்ணி, நல்லாத் துடைச்சு உலர்த்தணும், பருத்தி ஜட்டி, இந்தக் களிம்பு காலையும் சாயங்காலமும். சரியாயிட்டதுன்னு பாதியில நிறுத்தாதீங்க. கொஞ்சம் காத்தும் படட்டும்."

"காத்தா!" என்றோம் நாங்கள் இருவரும். எங்கள் ஊரில் எதிரெதிர் ஜன்னல் இரண்டைத் திறந்து வைத்தாலே ஆள் செத்துப்போவான் என்பார்கள்.

ஸ்தாமெனா முன்னால் குனிந்தாள். "டாக்டரம்மா, இது… யார்கிட்டேருந்தாவது தொத்திக்கிட்டதா?"

"அப்படித்தான் வரணும்னு இல்ல. இந்தப் பூஞ்சை எல்லார் உடம்புலயும் இருக்கிறதுதான். ஈரமும் சர்க்கரையும் சேந்தா பெருகும். உங்களுக்கும் அரிப்பு இருந்தா சொல்லுங்க, ரெண்டு பேருக்கும் மருந்து தந்துடலாம்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"உங்களுக்கும் அரிப்பு…"

"அது இல்ல. அதுக்கு முன்னால சொன்னது."

எனக்கு ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொன்னார்.

நவம்பர் 13

சர்க்கரை. ஏகத்துக்கு. எத்தனை வருஷமாக இருந்ததோ! அரிப்பு வராமல் இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது. ஸ்லாவாவில் மிஞ்சிய கேக்கையெல்லாம் ஸ்தாமெனா கூமுக்குக் கொடுத்துவிட்டாள். சாராயத்தையும்.

நவம்பர் 20

சிவப்பு வடிந்துவிட்டது. முதுகு வலியும் போய்விட்டதாக அறிவித்தேன். "தெரியும்" என்றாள்.

நவம்பர் 29

சந்தையில் மானம் கப்பலேறியது. நான் வெங்காயத்தாள் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மிளகாய்க்காரியிடம் ஸ்தாமெனா, ஒலிபெருக்கி தேவையில்லாத குரலில்: "அங்கதான்! பூஞ்சை! சர்க்கரையால வந்தது! உன் வீட்டுக்காரனையும் போய்ப் பாக்கச் சொல்லு!" சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பி என்னை மேலிருந்து கீழே பார்த்தார்கள். கீழே பார்த்தது கொஞ்சம் அதிக நேரம்.

அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். "உனக்கு என்ன பைத்தியமா? இனி நான் எப்படி பஸ் ஓட்டுவேன்?"

அவள் பையைக் கீழே வைத்தாள். "நீ சோபாவுல படுத்திருந்தப்ப நான் யார்கிட்ட போய் அழுதேன்னு நெனச்சே? இவங்ககிட்டதான். அவனுக்கு ஒருத்தி இருக்கான்னு ஊர்ல பாதிப் பேர்கிட்ட அழுதிருக்கேன். இப்ப அத்தனை பேர்கிட்டயும் போய், இல்லன்னு சொல்ல வேணாமா?"

நான் பையை எடுத்துக்கொண்டேன்.

"இன்னும் யார் பாக்கி?"

"தபால்காரி."

"வா" என்றேன். சேர்ந்தே போனோம்.