தாலாவின் மூச்சு

இலோய்லோ
27 மே 1996

அன்புள்ள ஃபெலிமோனுக்கு,

நீங்கள் நலமென்று உங்கள் தம்பி சொன்னான். நீங்களே ஒரு வரி எழுதியிருந்தால் கை தேய்ந்துவிடாது. தாலாவின் முலைக்கட்டி பெரிதாகிவிட்டது. அடுத்த வாரம் வியாழக்கிழமை டாக்டரம்மா அறுத்து எடுக்கப்போகிறார். சப்பை மூக்கு நாய்க்கு மயக்க மருந்து ஆபத்தாம். முதல் நாள் இரவிலிருந்தே பட்டினி போடச் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் கப்பலேறி வந்து போங்கள். இந்த நாட்டில் விவாகரத்து இல்லை. பிரிந்த இரண்டு வருடத்தில் நாம் எழுதிக்கொண்டதெல்லாம் இந்த நாயைப் பற்றித்தான். அவளும் போய்விட்டால் என்ன எழுதுவோம்?

மெர்லிண்டா

செபு
1 ஜூன் 1996

மெர்லிண்டாவுக்கு,

கப்பல் பட்டறையில் தலைக்கு மேல் வேலை, வர முடியாது. கோபித்துக்கொள்ளாதே.

தாலாவைப் பட்டினியாக அனுப்பாதே. எங்கள் வீட்டிலிருந்து யாரும் வெறும் வயிற்றோடு படியிறங்கியதில்லை. அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்க வந்தவர்களிடம்கூட "சாப்பிட்டுட்டு தூக்குங்கடா" என்றவள் என் அம்மா. இஞ்சி போட்ட கோழிக் கஞ்சி கொஞ்சம் கொடு. டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள். முடிந்ததும் அவள் எப்படி இருக்கிறாள் என்று எழுது.

ஃபெலிமோன்

இலோய்லோ
8 ஜூன் 1996

ஃபெலிமோனுக்கு,

தாலா போய்விட்டாள்.

கஞ்சி கொடுத்தேன். நீங்கள் சொன்னதற்காக மட்டுமல்ல, அவள் தட்டை நக்கிக்கொண்டு என்னைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. "எதாச்சும் குடுத்தீங்களாக்கா?" என்று டாக்டர் கேட்டார். திட்டுவாரே என்று பயந்து, "இல்லியே" என்றேன்.

மயக்கத்தில் வாந்தியெடுத்து, கஞ்சி மூச்சுக்குழலுக்குள் போய்விட்டது. மூச்சு நின்றது. குழாய் விட்டு உறிஞ்சி, ஆக்சிஜன் கொடுத்து, மூச்சைத் தூண்டும் ஊசி ஒன்று போட்டார். நெஞ்சு துள்ளியது. நான் மாதாவுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் மறுபடி நின்றது. மறுபடி ஊசி. மறுபடி துள்ளியது, நின்றது.

"அக்கா, இந்த மருந்து மூச்சைத் தட்டி எழுப்பும், அவ்ளோதான். நுரையீரல் கெட்டுப்போச்சு. இன்னொன்னு போடவா?" என்றார் டாக்டர்.

உங்களுக்குச் சொல்லியனுப்பினால் வருவீர்களோ, அதுவரை தாங்குவாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு, "வேணாம் டாக்டர். பாவம், விட்டுடுங்க" என்றேன்.

கொய்யா மரத்தடியில் புதைத்தேன். ஊசிக்கு ஊசி அவள் நெஞ்சு துள்ளியதைப் பார்த்தபோது நம் கடிதங்கள்தான் நினைவுக்கு வந்தன. எனக்கு அலுத்துவிட்டது, ஃபெலிமோன். இனி எழுதாதீர்கள்.

மெர்லிண்டா

செபு
14 ஜூலை 1996

என் மெர்லிண்டாவுக்கு,

நீ எழுதாதே என்ற பிறகு இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாய்.

கஞ்சி கொடுக்கச் சொன்னவன் நான். அந்தப் பாவம் என்னுடையது. நீ சொன்ன பொய்யையும் என் கணக்கில் சேர்த்துக்கொள். டாக்டர் மூன்றாவது ஊசியை வைத்துக்கொண்டு கேட்டபோது உன் பக்கத்தில் யாருமில்லை என்பதுதான் என்னை அரிக்கிறது. இங்கே சோறு இறங்கவில்லை. கூட வேலை செய்கிறவர்கள், "ஒரு நாய்க்கா இந்த அழுகை?" என்கிறார்கள்.

இதையும் நீ பிரிக்கமாட்டாய். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்: இரண்டு வருடமாக தாலாவை விசாரித்ததெல்லாம் உன்னை விசாரிக்கத்தான்.

ஃபெலிமோன்